துருப்பிடித்த சட்டியிலிருந்து டிரெஸ்ஸிங் வரை: ஒரு தெற்கு ஜார்ஜியா விருந்துக்கான சமையல் குறிப்புகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் மாத நன்றி நவிலல் நாள்) விருந்தின் நடுவில் வான்கோழி வீற்றிருந்தாலும், வீட்டுப் பெரியவர்கள் முதலில் ருசி பார்ப்பது கார்ன்பிரெட் டிரெஸ்ஸிங்கைத்தான். மக்காச்சோள ரொட்டியை உதிர்த்து, வெங்காயம், செலரி, சேஜ் என்ற வாசனை மூலிகை இலை, முட்டை, கோழிச்சாறு சேர்த்து, தட்டில் ஊற்றி ஓவனில் வேகவைப்பது. அது சரியாக அமைந்தால் விருந்து அமைந்தது. இந்த ஆண்டு எனக்கு அமைந்தது. டிரெஸ்ஸிங்கின் தலைவிதி விருந்தன்று முடிவாவதில்லை. ரொட்டியிலும் அதைச் சுடும் சட்டியிலும் பல நாள் முன்பே முடிவாகிவிடுகிறது என்பதைக் கைப்படத் தெரிந்துகொண்டேன். அதனால் சட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் பெண்ணெடுத்திருப்பது தென்மேற்கு ஜார்ஜியாவில், ஆல்பெனி நகருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தில். பெக்கான் கொட்டைத் தோப்புகளும் வேர்க்கடலை வயல்களும் சூழ்ந்த ஊர். நாங்கள் இருப்பது அட்லாண்டாவில். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை இரு வீட்டாரும் சம்பந்தி வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் பொறுப்பு. டிரெஸ்ஸிங் எப்போதும் மருமகளின் பாட்டியுடையது. அவரால் இனி அடுப்பருகே நிற்க முடியாது என்றானபோது, சம்பந்தியம்மாள் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கூடவே, கொட்டகையில் பல காலம் கிடந்த பாட்டியின் வார்ப்பிரும்புச் சட்டியையும் கொடுத்தார்.

சட்டியின் நிலை: உள்புறம் செம்பழுப்புத் துரு, வெளிப்புறம் தார் போலத் தடித்த கருங்கசடு. கைப்பிடியில் 8 என்ற எண் மட்டும் இருக்கிறது, தயாரித்தவர் பெயர் இல்லை. விறகு அடுப்பின் வாய் அளவைக் குறிக்க அந்நாளில் இப்படி எண் போட்டார்கள். எட்டாம் எண் சட்டியின் மேல்விட்டம் சுமார் பத்தரை அங்குலம். விரிசல் இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்தேன். மணியோசை வந்தது, விரிசல் இருந்தால் ஒலி மழுங்கிவிடும். பழைய பொருள் கடையில் வாங்கும் சட்டி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: சிலர் தூண்டில் குண்டுக்காக இவற்றில் ஈயம் உருக்கியிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சட்டியில் நான் சமைக்க மாட்டேன். இது பாட்டியின் அடுப்பை விட்டு நேரே கொட்டகைக்குப் போனது என்பதால் அந்தக் கவலை இல்லை.

கசடு நீக்க, காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை வெளியே, திறந்த வெளியில் வைத்து அடித்தேன். தடித்த ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சட்டியைக் குப்பைப் பையில் போட்டு இறுகக் கட்டி இரண்டு நாள் வைத்தால் நுரை காயாமல் வேலை செய்கிறது. எடுத்துத் தேய்த்தபோது கசடு கருங்குழம்பாக வழிந்தது. கைப்பிடி சேரும் மூலையில் மட்டும் பிடிவாதமாக ஒட்டியிருந்ததற்கு மறுமுறை அடித்தேன். காஸ்டிக் சோடா துருவைத் தொடாது. துருவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, எஃகு நாரால் தேய்த்தேன். வினிகரில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. துருவைத் தின்ற பிறகு அது இரும்பையும் தின்னத் தொடங்கும்.

சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு தெரிந்ததும் கழுவி, துணியால் துடைத்து, உடனே 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வைத்துவிட வேண்டும். துடைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கப் போன இடைவெளியில் மெல்லிய ஆரஞ்சுத் துரு மறுபடி படர்ந்துவிட்டது.

அடுத்தது பழக்குவது. தோசைக்கல்லைப் பழக்கி வளர்ந்த கை என்பதால் முதலில் நல்லெண்ணெயைத்தான் எடுத்தேன். தாராளமாகத் தடவி மிதமான சூட்டில் வைத்ததில் மேற்பரப்பு பிசுபிசுப்பாகி விரல் ஒட்டியது. எண்ணெய் இரும்பின்மேல் கெட்டிப் படலமாக மாற வேண்டுமானால் படலம் மெல்லியதாகவும் சூடு அதிகமாகவும் இருக்க வேண்டும். பலர் புகழ்ந்த ஆளிவிதை எண்ணெயையும் முயன்றேன். பார்க்கக் கண்ணாடி போலப் பளபளத்தது, ஆனால் முதல் ரொட்டியிலேயே செதில் செதிலாக உரிந்து வந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, கடைசியில் சம்பந்தியம்மாள் வீட்டில் பயன்படுத்தும் வனஸ்பதிக்கே வந்தேன். சூடான சட்டியில் சுண்டுவிரல் நுனியளவு வனஸ்பதியை எல்லாப் பக்கமும் தடவி, பிறகு எண்ணெயே தடவவில்லை என்பதுபோல் உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருப்பதே போதும். 450 டிகிரியில் ஒரு மணி நேரம், சட்டியைக் கவிழ்த்து வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டேன். இதைச் சில முறை செய்ததும் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கருமையானது.

செலவு: ஓவன் கிளீனர் 7 டாலர், வினிகர் 4, எஃகு நார் 4, கையுறை 3, வனஸ்பதி 5. ஆக 23 டாலர். 1896 முதல் டென்னசி மாநிலத்துச் சவுத் பிட்ஸ்பர்கில் வார்ப்பிரும்புப் பாத்திரம் செய்துவரும் லாட்ஜ் நிறுவனத்தின் புதிய சட்டியே கிட்டத்தட்ட இந்த விலைக்குக் கிடைக்கும். அதுவும் நன்றாகவே ரொட்டி சுடும். ஆனால் புதிய சட்டியின் உள்பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். பழையவற்றை வார்த்தபின் கடைந்து வழவழப்பாக்கினார்கள். பாட்டியின் சட்டியில் ரொட்டியைக் கவிழ்த்தால் ஒரு பொருக்குக்கூட ஒட்டாமல் சறுக்கி விழுகிறது. அந்தக் குடும்பத்தின் விருந்துகளுக்கு உழைத்த சட்டி என்ற ஒரு காரணமே எனக்கு இந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

இனி மாவு. இதில்தான் அதிக நாள் போனது. இந்தியக் கடையில் கிடைக்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு நைசாக அரைத்தது. அதில் சுட்ட ரொட்டி அப்பமாக அமுங்கி, சாறு ஊற்றியதும் களியாகிவிட்டது. பெட்டியில் வரும் தயார் கலவையில் கோதுமை மாவும் சர்க்கரையும் இருந்தன. அது தேநீரோடு சாப்பிட நன்றாக இருக்கிறது. டிரெஸ்ஸிங்கில் சேஜ் வாசனையோடு அந்த இனிப்பு சேரவே இல்லை. வட மாநிலங்களில் கார்ன்பிரெட்டுக்குச் சர்க்கரை சேர்ப்பது வழக்கம், தெற்கில் பல வீடுகளில் ஆகாது. சம்பந்தியம்மாள் வீட்டில் அறவே ஆகாது. “சர்க்கரை போட்டால் அது கேக். நமக்கு வேண்டியது ரொட்டி” என்றார்.

வேண்டியது கல்லில் அரைத்த வெள்ளை மக்காச்சோள மாவு, ரவைப் பதத்தில். வட ஜார்ஜியாவில் ஹெலன் ஊருக்கருகே சாட்டஹூச்சி ஆற்றங்கரையில் 1876-இல் கட்டப்பட்ட நோரா மில்லில் இன்றும் கல்லில்தான் அரைக்கிறார்கள். அங்கே வாங்கி வந்த மாவைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டினால் நறநறக்கிறது. முகர்ந்தால் புதிதாக உரித்த கதிரின் மணம். முளைக்கரு நீங்காமல் அரைப்பதால்தான் அந்த மணம். அதே காரணத்தால் சீக்கிரம் சிக்கு வாடையும் அடித்துவிடும். வாங்கியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இந்த மண்ணில் மக்காச்சோளத்தை முதலில் விளைவித்து இடித்தவர்கள் மஸ்கோகீ, செரோகீ மக்கள். 1830-கள் முடிவதற்குள் அவர்களை இங்கிருந்து மேற்கே துரத்திவிட்டார்கள். பயிர் மட்டும் தங்கிவிட்டது. விருந்துத் தட்டில் அவர்கள் பங்கு எவ்வளவு பெரியது என்பது மாவு வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

பதம் கண்டபின் நான் நின்ற அளவு: மாவு 300 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா அரை, உப்பு 1, முட்டை 2, பட்டர்மில்க் 450 மில்லி, கொழுப்பு 55 கிராம். கோதுமை மாவு இல்லை. பட்டர்மில்க்குக்குப் பதில் வீட்டு மோரை ஊற்றிப் பார்த்தேன். கலவை நீர்த்து ரொட்டி தட்டையானது. இங்கே கடையில் விற்பது கெட்டியானது. கிடைக்காவிட்டால் புளித்த கெட்டித் தயிரை மிகக் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கடைந்தால் சரியாக வருகிறது. பதம் இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

காலிச் சட்டியை ஓவனிலேயே வைத்து 450 டிகிரிக்குச் சூடேற்றி, கொழுப்பை அதில் போட்டு உருகி மினுங்கியதும் பாதியைக் கலவையில் ஊற்றிக் கலக்கி, உடனே எல்லாவற்றையும் சட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஓரத்தில் சுர்ரென்று பொரிய வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சட்டி சூடாகவில்லை என்று பொருள், அடிப்பொருக்கு வராது. 22 நிமிடத்தில் ஓரம் சட்டியை விட்டு விலகி, மேலே பொன்னிறக் கீறல் விழும். சம்பந்தி வீட்டில் பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சி) பொரித்த கொழுப்பை டப்பாவில் சேர்த்து வைத்திருந்து இதற்குப் பயன்படுத்துகிறார்கள். என் கணவரும் மாமியாரும் சைவம், முட்டை மட்டும் உண்டு. அவர்களுக்கு வெண்ணெயும் எண்ணெயும் கலந்து இன்னொரு ரொட்டி சுட்டேன். பொருக்கில் குறை இல்லை, புகைமணம்தான் இல்லை.

ரொட்டியை உதிர்த்துத் தட்டில் பரப்பி இரவு முழுக்கக் காயவிட வேண்டும். ஈரமான ரொட்டி சாறைக் குடிக்காது, அதில் கரைந்துவிடும். அட்லாண்டாவில் மழை ஈரமாக இருந்த ஒருநாள் 250 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் வைத்தும் காயவைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதற்கிடையில் காலர்ட் கீரை. முட்டைக்கோஸும் இதுவும் ஒரே இனம், ஆனால் இது உருண்டை கட்டாமல் யானைக்காது அகலத்துக்கு இலை விடும். உறைபனி விழுந்த பிறகு பறித்தால் இனிப்பு ஏறும். குளிரைத் தாங்க இலை தனக்குள் சர்க்கரை சேர்த்துக்கொள்கிறது. நான்கு பெரிய கட்டு, கட்டுக்கு மூன்று டாலர். வெந்தபின் கால்வாசியாகச் சுருங்கிவிடும் என்பதால் மலைப்பாகத் தோன்றினாலும் குறைக்காதீர்கள். தொட்டியில் தண்ணீர் நிறைத்து, இலைகளை அலசி, இலையை மேலே தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரோடு வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மணல் மீண்டும் இலைமேல் ஏறும். தொட்டி அடியை விரலால் தடவி, மணல் நெருடாத வரை அலசினேன். நடுத்தண்டை உருவி, இலைகளைச் சுருட்டி விரலகல நாடாவாக நறுக்கினேன்.

புகையூட்டிய வான்கோழி இறக்கையை (8 டாலர்) வெங்காயம், பூண்டோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கீரையைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். நம் கீரை போல ஐந்து நிமிடத்தில் இறக்க நினைத்தால் தோல் போல இழுக்கும். சைவப் பாத்திரத்தில் வெங்காயத்தைக் கருகும் தறுவாய் வரை வதக்கி, வற்றல் மிளகாயும் புகையூட்டிய பாப்ரிகாத் தூளும் சேர்த்தேன். இறக்கும் முன் இரண்டிலும் கொஞ்சம் வினிகர்.

கீரை வெந்த சாற்றுக்குப் பாட்லிக்கர் என்று பெயர். அடிமை முறைக் காலத்தில் எஜமானர் மேசைக்குக் கீரை போக, சாறு சமைத்தவர்களுக்கு மிஞ்சியது. சத்தில் நிறைய இறங்கியிருந்தது அந்தச் சாற்றில்தான். பாட்டி அதைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார். அதில் கார்ன்பிரெட்டை முக்கித் தின்பதா, உதிர்த்துப் போட்டுத் தின்பதா என்று 1931-இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரும் பகிரங்கமாக வாதிட்டார்கள். லாங் முக்கும் கட்சி. சம்பந்தி வீட்டில் எல்லோரும் உதிர்க்கும் கட்சி. ரசத்தில் பிசைந்து பழகிய நானும் அந்தப் பக்கம்தான்.

இனி டிரெஸ்ஸிங் கலவை. 9-க்கு 13 அங்குலத் தட்டுக்கு: உதிர்த்த ரொட்டி ஒரு சட்டி முழுவதும், காய்ந்த வெள்ளை ரொட்டி நான்கு துண்டு, வெண்ணெய் 115 கிராமில் வதக்கிய வெங்காயமும் செலரியும் தலா இரண்டு கோப்பை, உலர்ந்த சேஜ் தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, முட்டை 3, சாறு சுமார் ஒரு லிட்டர். வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வர வேண்டும், சிவக்கக் கூடாது. செலரியின் கடிபதம் போகும்வரை வதக்கினேன். சைவத் தட்டுக்குக் காளான், வெங்காயத்தோல், செலரி நுனி, மிளகு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்த சாறு. காளான் தாராளமாக இருந்தால் கோழிச்சாறு இல்லாத குறை தெரிவதில்லை.

முட்டை சேர்க்கும் முன் உப்பும் சேஜும் சரியா என்று வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு பார்க்க முடியாது. சேஜை ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி போட்டேன். கசந்து கஷாய வாடை அடித்தது.

எனக்குப் பிடிபட நாளானது ஈரப்பதம். வீட்டில் செய்து பார்த்த தட்டுகள் ஓரம் உலர்ந்து உப்புமா போல உதிர்ந்தன. சம்பந்தியம்மாள் தொலைபேசியில் வீடியோவில் பார்த்துவிட்டு, “இன்னும் ஊற்றுங்கள். இன்னும். பயப்படாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடையாளம் இதுதான்: கரண்டியால் நடுவே கோடு கிழித்தால் கோடு மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். அப்படியே நின்றால் சாறு போதவில்லை, சட்டென்று மூடினால் அதிகம். கலந்தபின் கால் மணி நேரம் விட்டு மறுபடி கோடு கிழித்துப் பார்க்க வேண்டும், ரொட்டி குடித்துக்கொண்டே இருக்கும். முதல் கோட்டை மட்டும் நம்பியதால்தான் என் தட்டுகள் உலர்ந்தன.

அட்லாண்டாவிலிருந்து ஆல்பெனிக்கு மூன்று மணி நேரப் பயணம். சுட்டு எடுத்துப்போனால் ஆறிக் கெட்டியாகும். பச்சை முட்டை கலந்து எடுத்துப்போவது ஆபத்து. ஆகவே காய்ந்த ரொட்டி உதிரி பையில், வதக்கிய காய்கறியும் குளிர்ந்த சாறும் ஐஸ் பெட்டியில், முட்டை தனியாக. அங்கே போய்க் கலந்தேன். ஓவனை வான்கோழி பிடித்திருந்தது. அது வெளியே வந்து ஓய்வெடுக்கும் முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் திட்டம். பாலாடைக்கட்டி மாக்கரோனித் தட்டும் அதே இடைவெளிக்குக் காத்திருந்தது. இரண்டையும் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று வைத்து நடுவில் இடம் மாற்றினோம். 350 டிகிரியில் 50 நிமிடம். நடுவில் வெப்பமானியைக் குத்தி 165 டிகிரி காட்டியதும் எடுத்தேன். 15 டாலர் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய மாட்டேன். மேலே சிவந்து நடுவில் முட்டை வேகாத தட்டு பார்வைக்குக் காட்டிக்கொடுக்காது.

மேலே பொருக்கு, உள்ளே கரண்டியில் குழையும் மென்மை. பாட்டிக்கு முதல் கரண்டி. மெதுவாகச் சாப்பிட்டார். “சட்டி எங்கே இருந்தது?” என்று கேட்டார். கொட்டகையில் என்றதும் சம்பந்தியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார், பிறகு தட்டை மறுபடி நீட்டினார். சைவத் தட்டு அசைவக்காரர்களாலும் தீர்ந்துவிட்டதால் என் மாமியாருக்கு இரண்டாம் முறை வைக்க முடியவில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்ற இனிப்புப் பண்டம் சம்பந்தியம்மாளுடையது. கிழங்கை வேகவைக்காமல் தோலோடு சுட்டுக் கூழாக்குகிறார், நீர் கோத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. அதை அடுத்து கற்றுக்கொள்ள வேண்டும்.

மொத்தச் செலவு, சட்டி நீங்கலாக, வெப்பமானியைச் சேர்க்காமல் சுமார் 60 டாலர். இருபது பேர் சாப்பிட்டோம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை. சைவத் தட்டைப் பெரிதாக்க வேண்டும். ரொட்டியை ஒரு வாரம் முன்பே சுட்டு, உதிர்த்து, ஃப்ரீசரில் வைத்துவிடலாம், சோதித்துப் பார்த்துவிட்டேன், ருசி குறையவில்லை. காலர்ட் கீரைமேல் தெளிக்கும் மிளகாய் வினிகரை அக்டோபரிலேயே பாட்டிலில் ஊறப்போட வேண்டும். இம்முறை ஒரு வாரம்தான் ஊறியது, காரம் இறங்கவில்லை. ஜனவரி முதல் நாளுக்கு இதே சட்டியில் கார்ன்பிரெட்டும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு கடல் தாண்டிய காராமணியும் சோறும் சமைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். காராமணி நம் கைப்பழக்கம் என்பதால் அதில் கவலை இல்லை. சேஜை மட்டும் கால் பங்கு குறைக்கலாம் என்பது என் எண்ணம். குறைக்கவே கூடாது என்கிறார் சம்பந்தியம்மாள். அடுத்த நவம்பரில் இரண்டு அளவிலும் ஒவ்வொரு தட்டு செய்து பாட்டியின் முன் வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.